டிமிக்கி எலி

கடனைக் கொடுக்காமல் கண்ணில் படாமல் திரிகிறவனுக்கு அந்த வயல்வெளியில் 'டிமிக்கி' என்று பேர். அந்தப் பேர் வரப்பு எலிக்கு ஒட்டிக்கொண்டது. பெருச்சாளியிடம் வாங்கிய நெல்லை அது எப்போதோ தின்று தீர்த்துவிட்டது. அன்றிலிருந்து மண் லேசாக அதிர்ந்தாலே, பெருச்சாளிதான் வருகிறதென்று வளையின் கடைக்கோடிக்கு ஓடிவிடும். வாசலில் குடியிருந்த நண்டு, சொல்லிக்கொடுத்தபடி, "அண்ணன் ஊர்ல இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடும்.

ஒருநாள் மழை வெளுத்து வாங்கியது. பெருச்சாளி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"டேய், நெல்லு கிடக்கட்டும். ஏரிக்கரை உடைஞ்சிடுச்சு. வெளியே வா."

வசூலுக்கு இப்படியும் ஒரு தந்திரமா என்று எலி இன்னும் ஒடுங்கியது. நண்டு உள்ளே திரும்பிப் பார்த்தது. எலி வேண்டாம் என்று தலையாட்டியது.

"அண்ணன் ஊர்ல இல்லைங்க."

"நிஜமாவா?"

"முந்தாநாளே போயிட்டாருங்க."

பெருச்சாளிக்கு இப்போதுதான் மூச்சு சீரானது. "நல்லவேளை. தண்ணிக்கே டிமிக்கி கொடுத்துட்டான், கெட்டிக்காரன்" என்று மேட்டைப் பார்த்து ஓடியது.

காலடிச் சத்தம் தேய்ந்ததும் எலிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்போதுதான் வாலில் ஏதோ சில்லென்று பட்டது.