ராணியின் வாய்க்கூடை

"மறுபடியும் வாயைக் கட்டிட்டான் பாவி," என்றாள் பேக்கரி அக்கா, பின்சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தபடி. அடுத்த வீட்டு முற்றத்தில் குதிரை ராணி நின்றுகொண்டிருந்தது. வாயில் ஒரு வலைக்கூடை, முன்னங்கால்கள் இரண்டும் ஒரு தொட்டிக்குள்.

தொட்டியில் ஐஸ்கட்டிகள் மிதந்தன. வாயைத் திறந்தால் புகை வருகிற குளிரில் குதிரையின் காலை ஐஸில் வைப்பவனும் ஒரு மனுஷனா? அதன் சொந்தக்காரன், அந்த மீசைக்காரன், தொட்டிக்குப் பக்கத்திலேயே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காவல்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அவள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தாள். கணவர் மாவு மூட்டைகளுக்கு நடுவில் குனிந்து எலிப்பொறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"தினமும் தட்டுல பன் குறையுது. இந்த எலி வாலைக்கூடக் கண்ணுல காட்ட மாட்டேங்குது."

"அங்க ஒரு வாயில்லா ஜீவன் துடிக்குது. உங்களுக்கு எலிதான் பெரிசு."

"பக்கத்து வீட்டு வம்பு நமக்கு எதுக்கும்மா? விடிஞ்சா அவன் மூஞ்சியிலதான முழிக்கணும்."

மீசைக்காரனுக்குப் பிழைப்பே ராணிதான். பூங்காவில் குழந்தைகளை முதுகில் ஏற்றிச் சுற்றிவருவான். கொஞ்ச நாளாக அதுவும் இல்லை. குதிரையை முற்றத்தில் அடைத்துப்போட்டு, வீட்டோடு கிடக்கிறான்.

அவள் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள். "ஏம்ப்பா, அதுக்கு வயித்துக்கு ஏதாச்சும் போடறியா?"

"கொஞ்சம் காய்ஞ்ச புல்லுதான்க்கா. அதுக்கு மேல கூடாது," என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு.

கூடாதாம். கஞ்சத்தனத்துக்கு இப்படியும் ஒரு பேர் உண்டு போலிருக்கிறது. பாவம், ராணியின் வயிறு பானை மாதிரி உப்பிக் கிடந்தது. பட்டினி கிடந்தால் வயிறு அப்படித்தான் உப்பும் என்று அவள் யாரிடமோ கேள்விப்பட்டிருந்தாள்.

அவளுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. விடியுமுன் அடுப்பை மூட்டியதும் சுவரோரம் போய் ராணியின் கழுத்தைத் தடவி, நாலு வார்த்தை ஆறுதல் சொன்னால்தான் அவளுக்குப் பொழுதே விடியும். அவள் காலடிச் சத்தம் கேட்டதும் நொண்டிக்கொண்டாவது ஓடிவரும் ராணி. பாசம் எங்கே கிடைக்கும் என்று குதிரைக்குத் தெரியாதா என்ன?

இன்று அந்த ஐஸைப் பார்த்த பிறகு அவளுக்குப் பொறுக்கவில்லை. மிருக ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

வெயில் ஏறும்போது டாக்டர் வந்தார். அவர் பின்னாலேயே மாவுக் கையோடு முற்றத்துக்குள் நுழைந்தாள். சண்டை வந்தால் விலக்கிவிடலாம் என்று கணவரும் வந்தார். அவசரத்தில் பொறியைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டார்.

டாக்டர் குளம்பை லேசாக அழுத்தினார். ராணி உடம்பெல்லாம் நடுங்கிக் காலை இழுத்துக்கொண்டது. மீசைக்காரன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நீலிக்கண்ணீர்," என்றாள் அவள். "குதிரையை வதைக்கிறவங்க யாரா இருந்தாலும் விடாதீங்க டாக்டர்."

"விடக்கூடாதும்மா. ஆனா வாய்க்கூடை போடச் சொன்னது நான்தான். ஐஸ் தண்ணியில காலை வைக்கச் சொன்னதும் நான்தான்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இது பட்டினி வயிறு இல்லம்மா, கொழுத்த வயிறு," என்றார் டாக்டர், கூடையைக் கழற்றி ராணியின் வாயைப் பார்த்துக்கொண்டே. "மாவும் சர்க்கரையும் குதிரைக்கு ஆகாது. குளம்புக்குள்ள வீங்கிடும். ஒவ்வொரு அடியும் முள்ளு மேல வைக்கிற மாதிரி இருக்கும். ஐஸ்ல வெச்சாதான் வலி கொஞ்சம் அடங்கும். எங்கிருந்தோ இன்னும் இனிப்பு உள்ள போய்க்கிட்டே இருக்கு. இப்படியே விட்டா ஒருநாள் படுத்துடும், அப்புறம் எந்திரிக்காது."

"நான் புல்லைத் தவிர எதையும் கண்ணுல காட்டல டாக்டர்," என்றான் மீசைக்காரன். அவன் குரல் உடைந்துபோயிருந்தது. "ராத்திரி இறுக்கிக் கட்டுற கூடை வாரு, விடிஞ்சா தளர்ந்து கிடக்குது. யாரோ வந்து போறாங்க. அதான் இன்னிக்கு இங்கேயே உட்கார்ந்துட்டேன்."

பிறகு அவள் பக்கம் திரும்பிக் கை கூப்பினான். "அக்கா, இந்தத் தெருவுலயே முதல்ல எந்திரிக்கிறது நீங்கதான். அது யாருன்னு கொஞ்சம் கண்ணு வெச்சுக்கிறீங்களா?"

"ம்," என்று மட்டும் சொன்னாள்.

வாய்க்கூடை இல்லாத ராணி தலையைத் தூக்கி முகர்ந்தது. டாக்டரைத் தாண்டி, எஜமானனைத் தாண்டி, நொண்டி நொண்டி நேராக அவளிடம் வந்தது. பழகிய வீட்டுக்குள் நுழைவதுபோல் அவளுடைய ஏப்ரன் பாக்கெட்டுக்குள் மூக்கை நுழைத்தது.

மேலே சர்க்கரை தூவிய பன் ஒன்று வெளியே விழுந்து, உருண்டு போய் டாக்டரின் காலடியில் நின்றது. அவள் ராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

கணவர் பன்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கடைசியில் தன் கையிலிருந்த பொறியைப் பார்த்தார்.

"அப்ப அது எலி இல்லையா?"