ஒரிஜினல்

திருகாணித் தலையில் கீறல் விழுந்திருந்தது. அந்தப் பெண் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று, கீறல் கீழ்ப்பக்கம் போகும்படி மெஷினை மேஜைமேல் வைத்தார் தனகோட்டி.

செஞ்சியில், திண்டிவனம் ரோட்டில் ஆஸ்பத்திரிச் சாமான் விற்கிற கடை அது. கடைப் பெண் சுவாதி, பழசைக் கொண்டுவந்துவிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே ரசீதைத் தேடினாள். தனகோட்டி மெஷின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. ஆனால் அவரைக் கேட்டால், திருடியது அவரில்லை, கம்பெனிக்காரன்.

சிங்கவரத்தில் முப்பது வருஷம் பம்புசெட் மோட்டார் ரிப்பேர் செய்தவர் அவர். சர்வீஸுக்குப் போகிற எதுவும் முழுசாகத் திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும். நல்ல செம்புக் காயிலை உருவிக்கொண்டு மட்டமானதைச் சுற்றி அனுப்புவான். அவரே இரண்டொரு தரம் செய்திருக்கிறார்.

அவர் சம்சாரம் ரத்தினம்மாளுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. மூக்கில் மாட்டிக்கொள்கிற இந்த மெஷின்தான் காற்றைத் தள்ளி அவளைக் காப்பாற்றுகிறது. மாட்டாமல் தூங்கினால் ஒருநாள் எழுந்திருக்க மாட்டாள் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் சுவாதி கூப்பிட்டு, அதே மாடலில் புதுசு ஒன்றைச் சும்மா கொடுத்தாள். பழசைக் கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்றாள். எதற்கென்று அவள் சொல்ல ஆரம்பித்ததை அவர் காதில் வாங்கவில்லை. சும்மா கொடுக்கிறவன் காரணமும் சேர்த்துத்தான் கொடுப்பான். நீட்டிய இங்கிலீஷ் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

புதுசு மாவு மில் மாதிரி இரைந்தது. ரத்தினம்மாள் மாட்டுவாள், பிடுங்கிப் போடுவாள். மாட்டாமல் கண் அசந்ததும் மூச்சு அடைத்துத் திணறி எழுவாள். முதுகைத் தடவுவதைத் தவிர தனகோட்டியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கம்பெனி நம்பருக்குப் போன் போட்டால் இந்தியில் பேசினார்கள். கடையில் கேட்டால் போகப் போகப் பழகிவிடும் என்றார்கள். பழசையே வைத்துக்கொள்ளலாம் என்றால், கையெழுத்துப் போட்டாயிற்று.

நாலாம் நாள் காலையில் இரண்டு மெஷினையும் கழற்றிப் பார்த்தார். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. சத்தத்தை அடக்க உள்ளே வைத்திருந்த ஸ்பாஞ்சு மட்டும் வேறு. பழசில் கறுப்பாக, மெத்தென்று இருந்தது. புதுசில் வெள்ளையாக, செருப்பு அட்டை மாதிரி விறைப்பு. கறுப்பை உருவும்போது விரலில் கரித்தூள் ஒட்டியது. வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அதைப் புது மெஷினில் வைத்து, வெள்ளையைப் பழசில் செருகி மூடினார். அவ்வளவுதான், இரைச்சல் அடங்கிவிட்டது. பத்து நாளாக ரத்தினம்மாள் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறாள்.

சுவாதி ரசீதோடு மெஷின் நம்பரைச் சரிபார்த்தாள். திறந்து பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்று மெஷினைத் திருப்பித் திருகாணியைக் கழற்றினாள்.

"இன்னா தாத்தா, உள்ள வெள்ளையா இருக்குது? கறுப்பாத்தான இருக்கணும்?"

மாட்டிக்கொண்டாயிற்று. இனி மறைத்து என்ன ஆகப் போகிறது.

"ஒரிஜினல உருவிக்கிணு டூப்ளிகேட்டத் தள்ளிவுடுவீங்க, நாங்க வாயில வெரல வச்சிக்கிணு இருக்கணுமா? உங்களுது உங்ககிட்ட வந்துடுச்சு. எங்களுது எங்ககிட்ட இருக்குது."

சுவாதி எழுந்து நின்றாள். "எங்க வச்சிருக்கீங்க அத?"

"புது மெஷினுக்குள்ளதான். இப்பகூட மாட்டிக்கிணு தூங்குறா எங்க வூட்டுக்காரி. வந்து பாரு, எப்படித் தூங்குறான்னு."

உடனே வீட்டுக்குப் போன் போட்டுப் பாட்டியை எழுப்புங்கள் என்றாள் சுவாதி. வீட்டில் இருப்பதே ஒரு போன்தான். அது தனகோட்டியின் சட்டைப் பையில் இருந்தது.

எதற்கு எழுப்ப வேண்டும், இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று அவர் முறைத்தார்.

"தாத்தா, அந்தக் கறுப்பு ஸ்பாஞ்சு தூளாகி மூச்சோட உள்ள போவுது, அது வெஷம்னுதான் மெஷினையே மாத்திக் குடுத்தாங்க."