நெடி

சர்க்கரைவள்ளிக் கிழங்கை நறுக்கும்போதே மாமியாரின் கை நிதானத்தில் இல்லை. ஒரு துண்டு விரல் தடிமன், அடுத்தது காகிதம் மாதிரி.

"என்னம்மா, திடீர்னு கொரியாவுக்குப் போயிட்ட?" கூடத்தில் சோபாவில் சாய்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்த மகன் சிரித்தான்.

"ஞாயித்துக்கிழமையானா அதே கறியா? வாய் செத்துப்போச்சுடா."

பக்கத்து வீட்டுப் பெண் கொடுத்த கொரிய மிளகாய் விழுதைக் கோழித் துண்டுகளில் பிசைந்து ஊறவைத்திருந்தாள் மருமகள். பூண்டு, இஞ்சி, சோயா சாஸ், கொஞ்சம் சர்க்கரை. எல்லாம் சரியாக இருந்தது.

மாமியார்தான் சரியாக இல்லை. முட்டைக்கோஸை எடுத்தாள், வைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். புகையை இழுக்கும் விசிறியை நிறுத்தினாள். "இந்தச் சத்தம் தலையை வலிக்குது" என்றாள், யாரும் கேட்காமலே.

வாணலியில் எண்ணெய் புகைந்தது. மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்தாள்.

"அத்தை, தூளைக் கறியோட கலக்கணும். காயற எண்ணெயில போட்டா..."

மருமகள் முடிப்பதற்குள் மூன்று கரண்டி விழுந்துவிட்டது.

நெடி கிளம்பி வீட்டையே தூக்கியது. மருமகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கூடத்தில் மகன் இருமத் தொடங்கினான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஆகாது. மிளகாய் வறுக்கும் நாளில் அவனை எதிர்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் மாமியார் அடுப்பையே பற்றவைப்பாள்.

"ஆளையே கொன்னுடுவ போலிருக்கே!"

கத்திக்கொண்டே எழுந்தவன், பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து முன்கதவுப் பூட்டைத் திறந்து, கதவை அகலத் தள்ளினான். வெளியே நடைவழியில் துளி காற்றில்லை. திரும்பிப் பின்பக்கப் பால்கனிக்கு ஓடி, கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டான்.

மாமியார் குனிந்து, மேடைக்கு அடியில் இருந்த பெரிய குக்கரைத் திறந்தாள். உள்ளே ஒரு துணிப்பை. அதில் மருமகளின் மாற்றுத் துணி, மகன் அவளிடமிருந்து பிடுங்கிப் பீரோவில் பூட்டி வைத்திருந்த போன்.

மருமகள் பையைப் பார்த்தாள். திறந்து கிடந்த வாசலைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் இல்லாமல் அதைத் தாண்டியதில்லை.

"உங்க அண்ணன் கீழ வண்டியோட நிக்கறாரு. செருப்பைக் கையில எடுத்துக்கம்மா, சத்தம் வரும்."

"நீங்க, அத்தை?"

"நான் பெத்தவ. என்னை என்ன பண்ணிடுவான்?"

சொன்ன குரலில் அவ்வளவு நிச்சயம் இல்லை.

மருமகள் மாமியாரின் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்தாள். பிறகு வெறுங்காலோடு போனாள். படியில் ஓசையே எழவில்லை.

கோழி, கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் மாமியார் ஒன்றாகக் கொட்டிக் கிண்டினாள். பால்கனியில் இருமல் நிற்கவில்லை. சின்னப் பையனாக அவள் தோளில் கிடந்து இருமிய அதே இருமல். தண்ணீர் டம்ளரை எடுத்தாள். திரும்ப வைத்துவிட்டாள்.

கண்ணாடிக் கதவு விரல் அளவு திறந்தது.

"அம்மா, அவளுக்கும் மூச்சு முட்டும். வெளிய அனுப்பும்மா அவளை!"

"அனுப்பிட்டேன்டா" என்றாள், அடுப்பைக் குறைக்காமல்.