சம்மத வெற்றிலை

விராட பர்வம் பாதியில் நின்றது.

மழை வேண்டித்தான் பாரதம் வைத்தார்கள். ஆவணியும் பாதி போய்விட்டது, வல்லத்திராக்கோட்டைக் கண்மாய்க்குள் ஆடு மேய்கிறது. விராட பர்வம் படித்தால் மழை வரும் என்று ஊர்கூடிக் கோயில் முன்னால் கொட்டகை போட்டார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான்.

படிக்க வந்தவர்தான் புதுசு. சாதிச் சங்கம் அனுப்பிய புலவர் ஆத்மநாதன். கூடவே சங்கத் தலைவர் சோலையப்பனும் மோட்டாரில் வந்து இறங்கியிருந்தார்.

பாண்டவர்கள் ஆயுதங்களை வன்னி மரத்தில் கட்டிவைத்துவிட்டு, வேஷம் மாறி விராட ராஜாவிடம் வேலைக்குச் சேருகிற இடம் வந்தது. புலவர் புத்தகத்தை மூடிவிட்டுச் சனங்களைப் பார்த்தார்.

"அவங்க ஒரு வருஷம் ஒளிஞ்சிருந்தாங்க. நாம ஆயிரம் வருஷமா ஒளிஞ்சிருக்கோம். நாம வெறும் குடியானவங்க இல்லைங்க, வேஷம் மாறி ஏர் பிடிக்கிற ராஜாக்கள்!"

கொட்டகை அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த அய்யாக்கண்ணுவுக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்வானேன். தாசில் கச்சேரி வாசலில் கைகட்டி நின்றே பழகின மனுஷன், ராஜா என்றால் கசக்குமா?

அடுத்த வருஷம் ஜனக்கணக்கு எடுக்கிறார்களாம். எல்லோரும் க்ஷத்திரியர் என்றே எழுதச் சொல்ல வேண்டுமாம். சமஸ்தான தர்பாருக்கும் மகஜர் போகுமாம். எல்லாவற்றுக்கும் கைதட்டினார்கள்.

பிறகுதான் புலவர் மெல்ல விஷயத்துக்கு வந்தார். ராஜாக்கள் என்றால் ராஜாக்கள் வீட்டுப் பெண்களைப் போல நம் பெண்களும் இருக்க வேண்டாமா? வேலைக்காரியாக வேஷம் போட்டிருந்தபோதும் பாஞ்சாலி எப்பேர்ப்பட்ட பத்தினி! அவள் வம்சத்துப் பெண் அறுத்துக் கட்டலாமா? புருஷன் செத்தபிறகு இன்னொருவன் கையால் தாலி வாங்கலாமா? அந்தப் பழக்கம் இன்றோடு ஒழிய வேண்டும் என்றார்.

"பாஞ்சாலிக்கு அஞ்சு புருஷனாச்சே, அத அப்படியே முழுங்கிட்டாரே!" என்று பக்கத்திலிருந்த பழனிச்சாமி காதைக் கடித்தார்.

அய்யாக்கண்ணுவுக்குச் சிரிப்பு வரவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அவர் மகள் செவந்திக்கு இரண்டாம் தாலி.

பத்தொன்பது வயதில் புருஷனை வாந்திபேதிக்குக் கொடுத்துவிட்டு வந்தவள் செவந்தி. அதற்குப் பிறகு சிரித்தே யாரும் பார்க்கவில்லை. விராலிமலை ஆண்டிச்சாமி பெண் கேட்டு வந்துபோன அன்று, கோழியைக் கூட்டில் அடைத்துக்கொண்டே ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். அதைக் கேட்டு அய்யாக்கண்ணு வைக்கோல்போர் மறைவில் நின்று அழுதார்.

இதோ, பெண்கள் பக்கம் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அறுத்துக் கட்டுவது என்ன இன்றைக்கா வந்தது? அவருடைய ஆத்தா இருளாயியும் அப்படிப் போனவள்தான். அவருக்கு மூன்று வயதில் அப்பன் செத்தான். ஆண்பிள்ளை அப்பன் வீட்டுக்குச் சொந்தம் என்று பிள்ளையைப் பிடித்துவைத்துக்கொண்டார்கள். அவள் மட்டும் வேறு ஊருக்கு வாழப் போனாள். அங்கே ஒரு மகனையும் பெற்றாள். திருவிழாவுக்குத் திருவிழா வந்து, முந்தியில் முடிந்திருக்கும் பொரிவிளங்காய் உருண்டையை அவர் கையில் திணித்துவிட்டுப் போவாள்.

சின்ன வயசில் அவள்மேல் அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். வெறுங்கழுத்தோடு செவந்தி வாசலில் வந்து நின்ற அன்றுதான் அந்த ஆத்திரம் போனது.

மேடையில் தாம்பாளம் நிறைய வெற்றிலையும் பாக்கும் வைத்திருந்தார்கள். சம்மதிக்கிறவர் எடுத்து மடியில் கட்டிக்கொள்ள வேண்டும், அது சத்தியம் செய்ததற்குச் சமம். எடுக்காத வீட்டோடு கொள்வினை கொடுப்பினை கிடையாது, சாவுக்குக்கூட யாரும் போகமாட்டார்கள்.

"கல்யாணம் பேசி வச்சிருக்கிற வீட்டுலேருந்தே தொடங்குவோம்," என்றார் புலவர். "தலைவரே, நீங்களே கொண்டுபோய்க் குடுங்க."

வெளியூர்ப் புலவர், பாவம், அவருக்கு என்ன தெரியும்?

வந்து இறங்கியதிலிருந்து சோலையப்பன் அய்யாக்கண்ணு பக்கம் திரும்பவே இல்லை. இப்போதும் தாம்பாளத்தைப் பார்த்தபடியேதான் வந்தார். எதிரே வந்து நின்று நீட்டினார்.

அய்யாக்கண்ணு எழுந்து, வெற்றிலையையும் பாக்கையும் எடுத்தார்.

"பலே!" என்றார் புலவர். செவந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் அய்யாக்கண்ணு அதை மடியில் கட்டவில்லை. கல்யாணத்துக்கு அழைக்கிறவர் நீட்டுவதுபோல, இரண்டு கையாலும் ஏந்தி, தலைவரிடமே நீட்டினார்.

"வெள்ளிக்கிழம காலையில செவந்திக்குத் தாலி கட்டுறோம், தம்பி. ஆத்தா ஒங்க வீட்லதான இருக்கு, அதையும் கூட்டிக்கிட்டு வந்துருங்க. மூத்த மகன் வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிட்டான்னு சொல்லுங்க."

ஊர்ப் பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். புலவர் மட்டும் ஒன்றும் விளங்காமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

அழைப்பு வெற்றிலையை ஒற்றைக் கையால் வாங்கும் வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது.

சோலையப்பன் தாம்பாளத்தைக் கீழே வைத்தார்.