சனிக்கிழமை ஊழியம்

"போட்டோ மட்டும் வேண்டாம் அக்கா," என்று சுந்தரதாஸ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கையிலிருந்த சீப்பு மட்டும் நிற்காமல் சரோஜத்தின் நரைத்த தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தது.

கிருபாபாய் செல்போனைத் தாழ்த்தினாள். லுத்தரன் சபையில் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர் அவள். அறுப்பின் பண்டிகையில் பலாவும் கோழியும் ஏலம் விட்டுக் கிடைத்த காணிக்கையில் வாங்கிய, படுக்கைப் புண்ணுக்கான ஏர் பெட், இன்றைக்குத்தான் அதியன்னூரில் இந்தக் கிழவியின் கட்டிலுக்கு வந்திருந்தது. ஒரு படம்கூட இல்லாமல் சபையாரிடம் என்னத்தைக் காட்டுவது?

பாலியேட்டிவ் சங்கத்துக்குக் காணிக்கை கொடுப்பதோடு சபை நிறுத்திக்கொள்ளவில்லை. சனிக்கிழமைதோறும் அந்தச் சங்கத்து நர்ஸ் ஷைலஜாவின் வண்டியில் சபையார் இரண்டு பேர், படுத்த படுக்கையாகிவிட்டவர்களின் வீடுகளுக்குப் போய் வந்தார்கள். மற்றவர்கள் முறை வைத்து வருவார்கள். சுந்தரதாஸ் ஒரு வாரமும் தவறியதில்லை. சபைப் பெண் லிஜாவைக் கட்டி, ஞானஸ்நானம் எடுத்துச் சபைக்குள் வந்த மனிதர். தன் ஊரைப் பற்றியோ உறவைப் பற்றியோ வாய் திறக்கமாட்டார்.

சரோஜத்துக்குப் புத்தி தடுமாறிப் போயிருந்தது. "நீ யாருக்க மோளு பிள்ளே?" என்று கிருபாபாயிடம் கேட்பாள். பதில் சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் கேட்பாள். ஷைலஜாவிடமும் அதே கேள்விதான், அன்றாடம் சோறூட்டும் மருமகள் சுமியிடமும் அதே கேள்விதான். சுந்தரதாஸிடம் மட்டும் எதுவும் கேட்காமல் தலையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள்.

சுமி கட்டன்சாயாவோடு வந்தாள். "எங்க வீட்டுக்காரருக்கு உங்கள ஒரு தடவை பாக்கணும்னு ஆசை உண்டு. பூவாறுல டூரிஸ்ட் போட்டு ஓட்டுதாரு இல்லியா, சனியும் ஞாயிறும்தான் அங்க ஆளு கூடும்."

"மனுவுக்கு வேலை நடக்கட்டு மோளே. என்னப் பாத்து என்ன செய்ய?" என்றார் சுந்தரதாஸ்.

இந்தக் காலத்தில் இப்படியும் ஓர் அடக்கமா என்று கிருபாபாய்க்கு நெஞ்சு நிறைந்தது. வெளியே வந்தவள், ஜன்னல் வழியாகச் சத்தமில்லாமல் ஒரு படம் எடுத்தாள். கிழவியின் கன்னம் அவர் உள்ளங்கையில் சாய்ந்திருந்தது. 'அதியன்னூரில் நம் சபையின் அன்பின் பணி' என்று எழுதி வாட்ஸப் குழுவில் போட்டாள்.

மறுநாள் ஆராதனை முடிவில் போதகரே அந்தப் படத்தைப் பற்றிப் பேசினார். சபை கைதட்டியது. சுந்தரதாஸ் பாதியிலேயே எழுந்து போய்விட்டார். அவருக்குப் பின்னால் போன லிஜா, கிருபாபாயின் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள்.

"அந்தப் படத்த எடுத்திருக்கப்பிடாது அக்கா."

"நல்லது செய்தா நாலு பேரு அறியண்டாமா பிள்ளே?"

லிஜாவின் கண் நிறைந்தது. சந்தோஷத்தில் என்று கிருபாபாய் நினைத்துக்கொண்டாள். அதற்குள் படம் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தாவி, பூவாறு படகுத்துறை வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை போனபோது ஏர் பெட் சுருட்டிய நிலையில் முற்றத்து மண்ணில் கிடந்தது. வாசலை மறித்துக்கொண்டு மனு நின்றான்.

"இத எடுத்திட்டுப் போங்க. இனி இங்க ஒருத்தரும் வரண்டாம்."

"அம்மைக்க முதுகு இப்பதான் ஆறி வருது," என்றாள் ஷைலஜா. "வெறுங்கட்டில்ல கிடந்தா புண்ணு திரும்பவும் வரும் மனு."

"வரட்டு. நான் பாத்துக்கிடுதேன்."

கிருபாபாய்க்குப் பொறுக்கவில்லை. "நாங்க என்ன, மதம் மாத்தவா வந்தோம்? இந்த வீட்டுல சத்தமா ஒரு ஜெபம் உண்டா? உனக்க பெஞ்சாதிகிட்ட கேளு மக்கா!"

"மதத்தப் பத்தி இப்ப ஆரு பேசினது?" என்றான் மனு. அவன் பார்வை அவளிடம் இல்லை. கேட்டுக்கு வெளியே, வண்டியை விட்டு இறங்கி உச்சி வெயிலில் நின்றுகொண்டிருந்த சுந்தரதாஸிடம் இருந்தது. "இது எங்க அப்பன் உயிரோட இருக்கும்போ அடச்ச வாசலாக்கும். அவரு செத்தப்பவும் நான் துறக்கல்ல. இனியும் துறக்கமாட்டேன்."

சனிக்கிழமைதோறும் நுழைந்து வந்த வாசலைப் பற்றி இவன் என்ன உளறுகிறான் என்று கிருபாபாய்க்குப் புரியவில்லை. கதவைப் பிடித்தபடி சுமி அழுதுகொண்டிருந்தாள். "எனக்கு ஒண்ணும் அறியாது அக்கா. அந்தப் படத்தப் பாத்ததுல இருந்து இப்பிடித்தான்..." மனு அவளை உள்ளே இழுத்துக் கதவை அறைந்து சாத்தினான். தாழ்ப்பாள் விழுந்தது.

ஷைலஜா படுக்கையைத் தூக்கி வண்டியில் வைத்தாள். சுந்தரதாஸ் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. யாரோ ஒரு கிழவிக்காக இந்த மனிதருக்கு இப்படி ஓர் அவமானமா என்று கிருபாபாய் அவர் தோளைத் தொட்டாள்.

"வாரும் தாசு. இந்த வீடு இல்லாட்டா இன்னொரு வீடு. கிடப்புல கிடக்கிற அம்மைமாருக்கா பஞ்சம்?"

அப்போதுதான் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து சரோஜத்தின் குரல் கேட்டது. அதில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

"எலே மனு, உனக்க அண்ணன் வெயில்ல நிக்கியான், கதவத் துறலே."