தமிழில் கேட்க ஒருத்தர்

மனைவி அழகம்மா இறந்த பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர் நான். லயத்து வீடுகளில் யாரிடமும் புலம்ப முடியாது.

"மருந்து வேணாங்க தலைவரே, மனசு விட்டுப் பேசுங்க," என்றார் ஹட்டன் ஆஸ்பத்திரி டாக்டர். "இங்க கவுன்சலிங்ல புத்தி சொல்லாம கேப்பாங்க. தமிழ்ல கேக்க ஒரு மிஸ்தான் இருக்காங்க."

அவர் காட்டிய அறைக்குள் போனேன். எழுந்து நின்ற மிஸ், சுலக்ஷனா.

"சொந்தக்காரங்க பேச்ச நாங்க கேக்கக் கூடாதுங்க. நீங்க எனக்குச் சொந்தமா?"

இல்லை என்று சொன்னால் உட்கார்ந்து பேசலாம். கடைக்கார நஸாரின் மகனை இவள் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, எனக்குச் சொந்தமில்லை என்றுதான் ஊருக்கெல்லாம் சொல்லி வந்தேன். அழகம்மாவின் சாவு வீட்டிலும் இவளை வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

இன்று வாய் வரவில்லை.

"நீ என் மக."

"அப்ப என்னால கேக்க முடியாதேப்பா," என்று அழுதாள்.