எல்லாருக்கும் ஒரே முதல் பக்கம்

காலையில் அலுவலகம் திறந்த கையோடு மொத்த ஊழியர்களும் வேறு வேலை தேட உட்கார்ந்துவிட்டார்கள். அவர்கள் எதிரே இருந்த திரைகளைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது.

அது ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம். கிடங்கிலிருந்து கணக்குப் பிரிவு வரை எந்தக் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்தாலும் கம்பெனியின் சரக்குப் பதிவுப் பக்கம்தான் முதலில் வர வேண்டும். சினிமா, விளையாட்டு எதுவும் வரவே கூடாது. அப்படித் தயாரித்த புது பிரவுசர் விடுமுறை நாளில் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. இன்று திறந்தால், போட்டிக் கம்பெனியின் ‘ஆட்கள் தேவை’ பக்கம் பளிச்சென்று வந்து நிற்கிறது.

“ரீஸ்டார்ட், ஓடி வா! எவனோ நம்ம கம்ப்யூட்டருக்குள்ள புகுந்துட்டான்!” என்று கணக்குப் பிரிவுக்காரர் ஃபோனில் அலறினார்.

ரீஸ்டார்ட் என்பது, கணினிப் பிரிவை ஒற்றை ஆளாகக் கட்டி மேய்க்கும் பெண்ணுக்கு அலுவலகம் வைத்த பெயர். என்ன கோளாறு என்றாலும் அவள் வாயில் முதலில் வரும் சொல் அதுதான்.

எவனும் புகவில்லை என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புது பிரவுசரை அவள் தன் கம்ப்யூட்டரில்தான் தயார் செய்தாள். அதில், தான் போட்ட விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று தினமும் பார்க்க வசதியாக, போட்டிக் கம்பெனியின் பக்கத்தையே முதல் பக்கமாக வைத்திருந்தாள். நகல் எடுத்தபோது அதுவும் கூடவே கிளம்பிவிட்டது. நுணல் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் தன் மௌஸால் கெட்டாள்.

அவசர அவசரமாகத் திருத்தி அனுப்பினாள். ஆனால் பிரவுசரை ஒருமுறை மூடித் திறந்தால்தான் திருத்தம் பிடிக்கும். மாடி மாடியாக ஓடினாள்.

“சார், மூடிட்டுத் திறங்க.”

“இரும்மா, சம்பளம் எவ்வளவுன்னு பாத்துட்டு மூடறேன்.” சற்று முன் அலறிய கணக்குப் பிரிவுக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“வாரத்துல ரெண்டு நாள் வீட்லேர்ந்தே வேலையாமே!” என்று அடுத்த மேஜைப் பெண்மணி பெருமூச்சு விட்டாள். அவளும் மூடுகிற மாதிரி தெரியவில்லை.

அதற்குள் மேலாளரிடமிருந்து ஃபோன். “இது தானா வந்த கோளாறா, இல்ல யாரையாவது குத்திக் காட்டணும்னே செஞ்சிருக்காங்களா? கண்டுபிடிச்சிட்டு நேரா என் ரூமுக்கு வா.”

அவர் குரல் நடுங்கியது. கோபம் தலைக்கேறிவிட்டது என்று இவள் நினைத்துக்கொண்டாள். மாடிப்படியில் நின்று கணவனைக் கூப்பிட்டாள்.

“போச்சுங்க. நாளையிலேர்ந்து நான் வீட்லதான்.”

“அப்பாடா! இனிமேலாவது நம்ம வீட்டு வைஃபையைச் சரி பண்ணுவே.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஃபோனை வைத்துவிட்டு, மேலாளர் அறைக்குள் நுழைந்தாள்.

“கதவைச் சாத்து,” என்றார் அவர். ஏசி ஓடியும் கைக்குட்டை கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. “யாரு? கணக்குப் பிரிவுக்காரர்தானே? அவருக்குத்தான் என்னைக் கண்டா ஆகாது. இன்னிக்கு அவரை ஒரு வழி பண்றேன்.”

ஏதோ வைரஸ் என்று சொல்லித் தப்பிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். ஆனால் ஒரு பாவமும் அறியாத மனுஷன் தலையில் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“அவர் இல்ல சார். நான்தான்.” நடந்ததை மென்று விழுங்காமல் சொன்னாள்.

“அப்ப அங்க விண்ணப்பம் போட்டிருக்கிறது நீயா?”

“ஆமா சார்.”

“நீ மட்டும்தானா? இதுல வேற யாரைப் பத்தியும் எதுவும் இல்லியே?”

“நான் மட்டும்தான் சார். யாரையும் மாட்டி விட மாட்டேன்.”

மேலாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “ஏம்மா போகணும்னு தோணிச்சு?”

“இருநூறு கம்ப்யூட்டருக்கு ஒரே ஆள் சார். உதவிக்கு இன்னொருத்தர் வேணும்னு உங்ககிட்ட கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. என் பொண்ணு பொறந்தநாள் கேக்கை வெட்டிக்கிட்டு இருக்கா, நான் பக்கத்து ரூம்ல உக்காந்து இந்த பிரவுசரை அனுப்பிக்கிட்டு இருக்கேன்.”

அவளே கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“அதை எடுத்து மாட்டு முதல்ல,” என்று அட்டையை அவள் பக்கம் தள்ளினார். “அங்கேர்ந்து பதில் ஏதாவது வந்துச்சா?”

“இன்னும் இல்ல சார்.”

“இப்போதைக்கு வராது. புது மேனேஜர் வந்துதான் ஆள் எடுக்கணும்னு நிறுத்தி வச்சிருக்காங்க.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அது உங்களுக்கு எப்படி சார் தெரியும்?”

மேலாளர் எழுந்து போய், கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று தள்ளிப் பார்த்துவிட்டு வந்தார்.

“வர்ற ஒண்ணாந்தேதி அங்க சேர்றதே நான்தாம்மா!”